வீட்டு உரிமையாளர் திடீரென்று காலி செய்யச் சொன்னால்: தமிழ்நாட்டில் வாடகைக்கு இருப்போருக்கு ஒரு வழிகாட்டி

"ரெண்டு நாள்ல வீட்டைக் காலி பண்ணுங்க. இல்லேன்னா சாமானைத் தூக்கி வெளியே வெச்சுட்டு பூட்டு போட்டுடுவேன்."

இந்த மாதிரி ஒரு மிரட்டலைக் கேட்டதும் பலர் அன்று மாலையே வேறு வீடு தேடக் கிளம்பிவிடுகிறார்கள். வீடு அவருடையது, போகச் சொன்னால் போகத்தானே வேண்டும் என்ற எண்ணம் அவ்வளவு ஆழமாக நம் மனத்தில் பதிந்திருக்கிறது. பள்ளி ஆண்டின் நடுவில் பிள்ளைகளோடும் வயதானவர்களோடும் அப்படி அலைய வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை. வீடு அவருடையதாகவே இருக்கட்டும். சட்டப்படி குடிவந்த ஒருவரைத் தன் கையாலோ ஆள் வைத்தோ வெளியேற்றும் அதிகாரம் அவருக்கு இல்லை. அதை நீதிமன்றம்தான் செய்ய முடியும்.

ஒப்பந்தக் காலம் முடிந்துபோயிருந்தாலும், வாடகை பாக்கி இருந்தாலும்கூட இதுதான் நிலை. ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் நில உரிமையாளர் பலவந்தமாக உள்ளே நுழைந்து சுவாதீனத்தை, அதாவது இடம் உங்கள் கைவசம் இருக்கும் நிலையை, பிடுங்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1968லேயே லல்லு யஷ்வந்த் சிங் வழக்கில் சொல்லிவிட்டது. 1989ல் கிருஷ்ண ராம் மகாலே வழக்கில், நிலையான சுவாதீனத்தில் இருப்பவரைச் சட்ட வழியில் அல்லாமல் வெளியேற்ற முடியாது என்று மறுபடியும் உறுதி செய்தது. பாக்கி வைத்திருந்தால் வழக்கில் நீங்கள் தோற்கலாம், அது வேறு விஷயம். ஆனால் வழக்கு நடத்தாமல் யாரும் உங்களைத் தெருவில் நிறுத்தக் கூடாது.

எந்தச் சட்டம் உங்களுக்குப் பொருந்தும்

தமிழ்நாட்டின் நகர்ப்புறங்களில் இப்போது நடப்பில் இருப்பது 2017ஆம் ஆண்டின் நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் ஒழுங்குபடுத்தும் சட்டம். 1960ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த இது, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. இதன் கீழ் மூன்று அமைப்புகள் உள்ளன. முதலாவது வாடகை அதிகாரி. துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரி ஒருவர் இந்தப் பொறுப்பில் இருப்பார். அடுத்தது வாடகை நீதிமன்றம், அதற்கு மேல் மேல்முறையீட்டுக்கு வாடகைத் தீர்ப்பாயம். காலி செய்ய உத்தரவு போடும் அதிகாரம் வாடகை நீதிமன்றத்துக்குத்தான் உண்டு.

கிராம ஊராட்சிப் பகுதிகளில் பொதுவாக 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டமும் வழக்கமான உரிமையியல் நீதிமன்றமும்தான். அரசுக் குடியிருப்பு, நிறுவனம் வேலையோடு சேர்த்துக் கொடுக்கும் வீடு, கோயில் போன்ற அறநிறுவனங்களின் கட்டடம் ஆகியவற்றுக்கு விதிகள் வேறு. பேயிங் கெஸ்ட், ஹாஸ்டல் அறைகளில் இருப்பவர்களுக்குச் சட்டத்தின் பார்வையில் இருப்பது பெரும்பாலும் தங்கும் அனுமதி மட்டுமே. அவர்களுக்கு இந்த அளவு பாதுகாப்பு கிடைக்காது.

பெரிய தொகை ஒன்றைக் கொடுத்துவிட்டு மாத வாடகை இல்லாமல் இருக்கும் ஒத்தி அல்லது "லீஸ்" முறையில் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பல லட்சத்தைக் கொடுத்துவிட்டு வெறும் ஸ்டாம்ப் பேப்பரில் கையெழுத்து வாங்கிக்கொள்வது ஆபத்து. ஒத்திப் பத்திரம் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவானால்தான் அது உங்கள் கையில் உள்ள உண்மையான ஆவணம். பணத்தைக் கொடுக்கும் முன் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். வீடு ஏற்கெனவே வங்கியில் அடமானத்தில் இருந்தால் பிற்பாடு வங்கி வந்து நிற்கும்.

குடிபோகும்போதே செய்ய வேண்டியவை

எழுத்தில் ஒப்பந்தம் போடுங்கள். 11 மாதத்துக்கு நோட்டரி கையெழுத்து வாங்கிவிட்டால் போதும் என்பது இன்னும் பலருடைய நம்பிக்கை. புதிய சட்டத்தின்படி எத்தனை மாத ஒப்பந்தமாக இருந்தாலும் அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். இதற்கென்று தமிழக அரசு நடத்தும் இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். பதிவானதும் ஒரு பதிவு எண் கிடைக்கும். அந்த எண் பத்திரமாக இருக்கட்டும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், எழுத்து ஒப்பந்தம் இல்லாமல் இருப்பதையே ஒரு காரணமாகக் காட்டி உரிமையாளர் வாடகை நீதிமன்றத்துக்குப் போக இந்தச் சட்டம் வழி வைத்திருக்கிறது. பதிவாகாத ஒப்பந்தத்தைச் சாட்சியமாகக் காட்டுவதிலும் சிக்கல் வரும். "நல்ல மனுஷன், வாய்ப் பேச்சே போதும்" என்று விட்டுவிட்டால், உறவு கெடும் நாளில் நஷ்டம் உங்களுக்குத்தான்.

அட்வான்ஸ் விஷயத்தில், வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது சட்டம். நடைமுறையில் பத்து மாதம் கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த "வேறு மாதிரி ஒப்பந்தம்" என்ற இடைவெளிதான் அவர்களுக்கு வசதி. எவ்வளவு கொடுத்தாலும் தொகை ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும், பணம் வங்கி வழியாகப் போக வேண்டும்.

வாடகையையும் அப்படியே. ஜிபேயோ போன்பேயோ, எதில் அனுப்பினாலும் குறிப்பில் "ஜூன் வாடகை" என்று எழுதிவிடுங்கள். ரொக்கமாகத்தான் வேண்டும் என்று உரிமையாளர் பிடிவாதம் பிடித்தால் ரசீது கேளுங்கள், அது உங்கள் உரிமை. ரசீது தர மறுத்தால் அன்றே "இன்று இந்த மாத வாடகையை நேரில் கொடுத்தேன்" என்று தொகையோடு ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்புங்கள். அவர் மறுப்புச் சொல்லாமல் இருந்தால் அதுவும் பின்னால் உதவும்.

ஆதார், ரேஷன் அட்டை, கேஸ் இணைப்பு, பிள்ளைகளின் பள்ளிப் பதிவு என்று ஏதாவது ஒன்றிலாவது இந்த முகவரி ஏறியிருக்கட்டும். நீங்கள் அந்த வீட்டில் குடியிருந்தீர்கள் என்பதையே மறுக்கும் உரிமையாளர்களும் உண்டு.

காலி செய்யச் சொன்னதும்

முதலில் கோபப்பட்டு எதுவும் பேசிவிடாதீர்கள். எழுத்தில் கேளுங்கள். வாய்ச்சொல்லாக வந்த மிரட்டலுக்கு நீங்கள் எழுத்தில் பதில் அனுப்பினால் அந்த மிரட்டலுக்கே ஒரு பதிவு உண்டாகிவிடுகிறது. வாட்ஸ்அப்பிலும் ஸ்பீடு போஸ்ட்டிலும் இப்படி அனுப்பலாம்:

"ஐயா, வணக்கம். இன்று காலை நேரில் வந்து, இந்த மாத முடிவுக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும், இல்லையென்றால் பூட்டுப் போடுவேன் என்று சொன்னீர்கள். நமது ஒப்பந்தம் வரும் பிப்ரவரி வரை நடப்பில் உள்ளது. இம்மாத வாடகையையும் செலுத்திவிட்டேன். காலி செய்யக் கேட்பதற்கான காரணத்தை எழுத்தில் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். நீதிமன்ற உத்தரவு இல்லாமல் வீட்டைப் பூட்டுவதோ, மின்சாரத்தையும் தண்ணீரையும் நிறுத்துவதோ வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன்."

தேதிகளையும் விவரங்களையும் உங்கள் நிலைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். மரியாதை குறையாமல் எழுதுங்கள், ஏனென்றால் இந்தக் கடிதத்தைப் பின்னால் ஒரு நீதிபதி படிக்கக்கூடும்.

அடுத்து, உங்கள் கைக்கு வந்த காகிதம் எது என்று பாருங்கள். வக்கீல் நோட்டீஸ் என்பது நீதிமன்ற உத்தரவு ஆகாது. அது உரிமையாளர் தரப்பின் கோரிக்கை, அவ்வளவுதான். ஆனாலும் அதில் குறிப்பிட்ட நாளுக்குள் பதில் போட்டுவிட வேண்டும். பதில் போடாமல் இருந்தால் அதில் சொன்னதையெல்லாம் ஒப்புக்கொண்டீர்கள் என்று வாதாடுவார்கள். நீதிமன்றச் சம்மனில் வழக்கு எண்ணும் முத்திரையும் ஆஜராக வேண்டிய தேதியும் இருக்கும். நீதிமன்ற வழக்கு விவரங்களைக் காட்டும் ஈகோர்ட்ஸ் தளத்திலோ செயலியிலோ உங்கள் பெயரை அல்லது வழக்கு எண்ணைப் போட்டு உண்மையா என்று சரிபார்க்கலாம். சம்மனை வாங்க மறுப்பதும், வாங்கி மூலையில் வைப்பதும் மிகப் பெரிய தவறு. நீங்கள் போகாவிட்டால் உங்கள் தரப்பைக் கேட்காமலே எக்ஸ்பார்ட்டி உத்தரவு வந்துவிடும். அப்புறம் உத்தரவை நிறைவேற்ற வரும் நீதிமன்ற ஊழியரான அமீனா வாசலில் நிற்கும்போதுதான் வழக்கு நடந்ததே தெரியும். அந்த நிலையில் செய்யக்கூடியது மிகக் குறைவு.

வாடகை கொடுப்பதை எந்தக் காரணத்துக்காகவும் நிறுத்தாதீர்கள். "போகச் சொல்லிட்டாரு, இனி அட்வான்ஸ்ல கழிச்சுக்கட்டும்" என்று பலர் நினைக்கிறார்கள். அந்த ஒரு செயலால் உங்கள் பக்கம் இருந்த நியாயம் அவர் பக்கம் போய்விடும். அவர் பணத்தை வாங்க மறுத்தால் வங்கிக் கணக்கில் போடுங்கள் அல்லது மணியார்டர் அனுப்புங்கள். அது திரும்பி வந்தால் அந்தத் தாளைப் பத்திரப்படுத்துங்கள். அதன்பிறகும் வாங்கவில்லை என்றால் வாடகை அதிகாரியிடம் வாடகையைச் செலுத்த சட்டத்தில் வழி இருக்கிறது.

எந்தக் காரணங்கள் செல்லும்

ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்போது உரிமையாளர் வாடகை நீதிமன்றத்தில் நிரூபிக்கக்கூடிய காரணங்கள் சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கின்றன. இரண்டு மாத வாடகை பாக்கி, எழுத்துச் சம்மதம் இல்லாமல் வேறு ஒருவருக்கு உள்வாடகைக்கு விடுவது, எச்சரித்த பிறகும் வீட்டைத் தவறாகப் பயன்படுத்துவது, காலி செய்யாமல் முடியாத அளவுக்குப் பழுதுபார்ப்பு அல்லது இடித்துக் கட்டுதல், உரிமையாளருக்கே குடியிருக்கத் தேவைப்படுவது ஆகியவை முக்கியமானவை. பாக்கியைக் கேட்டு நோட்டீஸ் வந்தால் ஒரு மாதத்துக்குள் முழுத் தொகையையும் கட்டிவிடுங்கள். அப்போது அந்தக் காரணத்திலிருந்து தப்பிக்கலாம். இந்தச் சலுகையை மீண்டும் மீண்டும் எதிர்பார்க்க முடியாது.

அதிக வாடகைக்கு வேறு ஆள் கிடைத்துவிட்டார், உங்கள் வீட்டில் அசைவம் சமைக்கிறீர்கள், உறவினர் வந்து தங்குகிறார்கள் என்பதெல்லாம் இந்தப் பட்டியலில் இல்லை. வீட்டை விற்றுவிட்டேன் என்பதும் அப்படியே. வாங்கியவர் பழைய உரிமையாளரின் இடத்துக்கு வருகிறார், உங்கள் ஒப்பந்தம் அவரையும் கட்டுப்படுத்தும். வாடகைதாரர் இறந்துவிட்டாலும் மீதமுள்ள காலத்துக்கு அவர் குடும்பத்தின் உரிமை தொடர்கிறது. கணவரை இழந்த பெண்ணிடம் பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் சாவி கேட்கும் கொடுமை நடப்பதால் இதைத் தனியாகச் சொல்கிறேன்.

ஒப்பந்தக் காலம் முடிந்து, புதுப்பிக்கவும் உரிமையாளர் சம்மதிக்கவில்லை என்றால் நிலைமை வேறு. அப்போதும் அவர் உத்தரவு வாங்கித்தான் ஆக வேண்டும். ஆனால் காலம் முடிந்த பிறகும் தங்கியிருக்கும் நாட்களுக்கு இரு மடங்கு வாடகையை இழப்பீடாகக் கேட்கச் சட்டம் இடம் தருகிறது. அந்தக் கட்டத்தில் பிடிவாதத்தை விட, ஓரிரு மாத அவகாசம் கேட்டு எழுத்தில் முடித்துக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து.

கரண்டையும் தண்ணீரையும் நிறுத்தினால்

நேரடியாக வெளியேற்ற முடியாதவர்கள் கையில் எடுக்கும் முதல் ஆயுதம் இதுதான். ஃபியூஸைப் பிடுங்குவார்கள், மோட்டார் போட மாட்டார்கள், மொட்டைமாடிக் கதவைப் பூட்டுவார்கள். குடிநீர், மின்சாரம், கழிவுநீர் வசதி போன்ற அத்தியாவசிய சேவைகளை உரிமையாளர் தானாகவோ மற்றவர் மூலமாகவோ நிறுத்தக் கூடாது என்று 2017 சட்டத்தின் 20ஆம் பிரிவு சொல்கிறது. வாடகை அதிகாரியிடம் மனுக் கொடுத்தால், விசாரணை முடியும் வரை காத்திருக்காமல் உடனே இணைப்பைத் திருப்பித் தரும்படி இடைக்கால உத்தரவு போட அவருக்கு அதிகாரம் உண்டு. மனுவில் "இடைக்கால உத்தரவு கோருகிறேன்" என்று தெளிவாக எழுதுங்கள்.

மின்சாரம் போனதும் முதலில் பார்க்க வேண்டியது மின்வாரியம் துண்டித்ததா, உரிமையாளர் நிறுத்தினாரா என்பதை. பில் கட்டாததால் போயிருந்தால், மின் இணைப்பு எண் தெரிந்தாலே நீங்களே இணையத்தில் கட்டிவிடலாம். அதனால் குடிபோன அன்றே அந்த எண்ணைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் அடிப்படை வசதி என்றும், உரிமையாளர் தடையில்லாச் சான்று தரவில்லை என்பதற்காக வாடகைதாரருக்கு அதை மறுக்க முடியாது என்றும் 2022ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மனுவோடு அந்தத் தீர்ப்பின் நகலையும் வழக்கறிஞர் மூலம் இணைக்கலாம்.

பூட்டுப் போட்டுவிட்டால்

ஊருக்குப் போய்த் திரும்பும்போது வேறு பூட்டுத் தொங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். பூட்டை உடைக்க வேண்டாம். நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும், உடைத்த உடனே உங்கள் மேல் எதிர்ப் புகார் தயாராகிவிடும். பூட்டையும் வாசலையும், வெளியே சாமான் கிடந்தால் அதையும் வீடியோ எடுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் யாராவது பார்த்திருந்தால் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். 100 அல்லது 112ஐ அழையுங்கள். அழைத்த நேரம் உங்கள் போனில் பதிவாக இருப்பதே ஓர் ஆதாரம். வீட்டுக்குள் இருந்த பொருட்களை நினைவு இருக்கும்போதே ஒரு தாளில் எழுதுங்கள். நகை, பணம், சான்றிதழ், மாத்திரை மருந்து எதுவும் விட்டுப்போகக் கூடாது.

பிறகு காவல் நிலையம். "இது சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க" என்ற பதில் வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். வாடகைத் தகராறு சிவில்தான். ஆனால் அத்துமீறி நுழைவது, வழிமறிப்பது, மிரட்டுவது, பொருளை எடுத்துக்கொண்டு போவது எல்லாம் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் குற்றங்கள். புகாரை வாடகைச் சண்டையாக எழுதாமல், யார் எப்போது உள்ளே நுழைந்தார்கள், என்ன சொல்லி மிரட்டினார்கள், எந்தப் பொருள் காணவில்லை என்று நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். புகார் கொடுத்ததும் சிஎஸ்ஆர் ரசீது, அதாவது புகாரைப் பெற்றுக்கொண்டதற்குக் காவல் நிலையம் தரும் ரசீது, கேட்டு வாங்குங்கள். ரசீது இல்லாமல் திரும்பி வந்தால் புகார் கொடுத்ததற்கே அடையாளம் இருக்காது.

வழக்குப் பதிய மறுத்தால், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173(4) பிரிவின்படி மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் புகாரைத் தபாலில் அனுப்பலாம். மாநகரங்களில் காவல் ஆணையர் அலுவலகம். அங்கேயும் நடக்காவிட்டால் நீதித்துறை நடுவரிடம் போகலாம்.

காவல் நிலையத்தில் மிக மிக எச்சரிக்கையாக இருக்க வேண்டிய ஒன்று உண்டு. இரு தரப்பையும் உட்கார வைத்து, "பதினைந்து நாளில் காலி செய்கிறேன்" என்று எழுதிக் கையெழுத்து வாங்குவது பல ஊர்களில் நடக்கிறது. உங்களைக் காலி செய்ய வைக்கும் அதிகாரம் காவல் துறைக்கு இல்லை. உங்களுக்குச் சம்மதம் இல்லாத எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள், வெற்றுத் தாளில் போடவே கூடாது. "வக்கீலிடம் கேட்டுவிட்டு வருகிறேன்" என்று அமைதியாகச் சொல்லி எழுந்து வரலாம். கட்சிக்காரர், உள்ளூர்ப் பெரிய மனிதர் என்று யார் பஞ்சாயத்துப் பேச வந்தாலும் இதே பதில்தான்.

நீதிமன்றத்தில் என்ன கேட்கலாம்

வெளியேற்றப் போகிறார்கள் என்ற அச்சம் மட்டும் இருக்கும் நிலையில், சட்டப்படி அல்லாமல் என்னை வெளியேற்றக் கூடாது என்று தடையாணை கேட்கலாம். அவசரம் என்றால் இடைக்காலத் தடையும் கேட்கலாம். ஒப்பந்தம், வாடகை கட்டியதற்கான வங்கிப் பதிவு, மிரட்டல் செய்தி, சிஎஸ்ஆர் ரசீது ஆகிய நான்கும் கையில் இருந்தால் வழக்கறிஞரின் வேலை பாதி முடிந்த மாதிரி. எந்த மன்றத்தில் போடுவது என்பதை அவரே முடிவு செய்யட்டும். 2017 சட்டம் சில விஷயங்களை உரிமையியல் நீதிமன்றத்தின் வரம்பிலிருந்து எடுத்துவிட்டது.

ஏற்கெனவே வெளியேற்றிவிட்டார்கள் என்றால் 1963ஆம் ஆண்டின் குறித்தவகை நிவாரணச் சட்டத்தின் 6ஆம் பிரிவை மறக்காதீர்கள். சம்மதம் இல்லாமல், சட்ட வழியில் அல்லாமல் வெளியேற்றப்பட்டவர் தன் இடத்தைத் திரும்பக் கேட்டு இதன் கீழ் வழக்குப் போடலாம். வீடு யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கே நீதிமன்றம் போகாது. நீங்கள் அங்கே இருந்தீர்களா, பலவந்தமாக வெளியேற்றப்பட்டீர்களா என்பதை மட்டும் பார்க்கும். இதில் வரும் தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது, அது உங்களுக்குப் பெரிய பலம். ஆனால் வெளியேற்றப்பட்ட நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டாக வேண்டும். "பேசித் தீர்த்துக்கலாம்" என்று சொல்லிச் சொல்லியே அந்த ஆறு மாதத்தை ஓட்டிவிடுவார்கள். பேசுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. காலண்டரையும் பார்த்துக்கொண்டே பேசுங்கள்.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லையென்று பின்வாங்க வேண்டாம். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வழக்கறிஞர் உண்டு. மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவும், வட்ட அளவில் வட்டக் குழுவும் இருக்கும். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

நீங்களே போக முடிவு செய்தால்

சில நேரம் உரிமை இருந்தாலும், தினமும் சண்டை போட்டுக்கொண்டு வாழ முடியாது என்று தோன்றும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அட்வான்ஸ் கைக்கு வருவதை உறுதி செய்துகொண்டு போங்கள். எந்தத் தேதியில் காலி செய்கிறீர்கள், எவ்வளவு அட்வான்ஸ், எவ்வளவு கழித்துக்கொள்ளப்படும், எப்போது தரப்படும் என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். சட்டப்படி நியாயமான பிடித்தம் போக மீதியைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள் தர வேண்டும். இருந்தாலும் சாவியும் பணமும் ஒரே நேரத்தில் கை மாறுவதே பாதுகாப்பு.

சாமான் இறங்கிய பிறகு வெற்று அறைகளையும் சுவர்களையும் குழாய்களையும் தேதி தெரியும்படி வீடியோ எடுங்கள். "பெயிண்ட் போச்சு, கதவு உடைஞ்சுது" என்ற கணக்கு வரும்போது அது கைகொடுக்கும். மின் கட்டணத்தைக் கடைசி ரீடிங் வரை கட்டி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். சாவி கொடுத்ததற்கு எழுத்திலோ செய்தியிலோ ஒரு ஒப்புதல் வாங்குங்கள். ஒரு மாதம் கடந்தும் அட்வான்ஸ் வரவில்லை என்றால், வக்கீல் நோட்டீஸ் அனுப்பிவிட்டு இந்த ஆதாரங்களோடு 2017 சட்டத்தின் கீழ் மனுப் போடலாம்.